வீவக வீட்டில் பழைய சுவரை எடுப்பது: அனுமதி முதல் கடைசி மூட்டை வரை

கேள்வி இது: சிங்கப்பூரின் அங் மோ கியோவில் 1979இல் கட்டிய நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, மறுவிற்பனையில் வாங்கியது. சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு படுக்கையறைகளின் நடுச்சுவரையும் எடுத்து ஒரே அறையாக்க வேண்டும். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிபோக ஆசை. கான்ட்ராக்டர் "ரெண்டு நாள்ல ஹேக்கிங் (சுவர் உடைப்பு) முடிஞ்சிரும்" என்கிறார். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

அவர் சொல்வது பொய்யில்லை. அந்த இரண்டு சுவரும் இரண்டு நாளில் விழுந்துவிடும். ஆனால் சுவருக்குள் ஓடும் வயர், அதை ஒட்டிய தண்ணீர்க் குழாய், மேலே உள்ள பீம், இருபுறத்துத் தரை, கீழ்வீட்டுக்காரரின் சீலிங் ஆகியவை சேதமில்லாமல் தப்ப வேண்டும். உங்கள் பணமும் நாளும் போவது அங்கேதான். அதனால் உடைக்கும் முறையைவிட, உடைப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் இருக்கும்.

முதலில் அனுமதி. வீவக வீட்டில் எந்தச் சுவரை எடுத்தாலும், அது வெறும் செங்கல் தடுப்பாகவே இருந்தாலும், கழகத்தின் அனுமதி வேண்டும். கழகத்தின் புதுப்பிப்பு கான்ட்ராக்டர் பட்டியலில் பெயர் உள்ள நிறுவனம்தான் விண்ணப்பத்தைப் போட முடியும். இன்டீரியர் டிசைன் நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்திருந்தால், பட்டியலில் இருப்பது அந்த நிறுவனமா, அவர்கள் அழைத்துவரும் துணைக் கான்ட்ராக்டரா என்று கேட்டு, வீவக இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். அனுமதிக் கடிதம் வந்ததும் அதில் உள்ள வரைபடத்தை நீங்களே படியுங்கள். எந்தச் சுவர், எந்த முனையிலிருந்து எந்த முனைவரை என்று அதில் இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் உடைத்தாலும் அது அனுமதியில்லாத வேலைதான். "சொல்லிட்டோம் சார், பரவாயில்ல" என்ற வாய்மொழி எதற்கும் உதவாது.

ஏற்கெனவே குடியிருந்த வீடுகளுக்குப் புதுப்பிப்புக் காலம் 1 மாதம், புதிய வீடுகளுக்கு 3 மாதம். உங்களுடையது பழைய வீடு என்பதால் ஒரு மாதக் கணக்கை வைத்தே திட்டமிடுங்கள். சுவர் உடைப்பது, தரை ஓடுகளைப் பெயர்ப்பது, ஓடு வெட்டுவது போன்ற சத்தமான வேலைகளுக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் கூடாது. மற்ற வேலைகளைத் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை செய்யலாம். ஆவணி முதல் நாளில் பால் காய்ச்ச வேண்டுமென்றால் அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பூச்சும் தரைச் சிமென்டும் காய, ஸ்கிம் கோட் (மெல்லிய மேற்பூச்சு) அடிக்க, பெயின்ட் அடிக்க, அலமாரி பொருத்த என்று ஒவ்வொன்றுக்கும் நாள் பிடிக்கும். ஆடிக்கு முன்பே சுவர் விழுந்திருக்க வேண்டும். ஆவணி தாண்டினால் தீபாவளிக்கு முன் வேலையை முடிக்க நினைப்பவர்களின் கூட்டத்தில் போய்ச் சேர்வீர்கள். அப்போது ஓடு போடும் ஆளைப் பிடிப்பதே பெரும்பாடு.

அடுத்து, அந்தச் சுவர் என்ன ஜாதி என்று தெரிய வேண்டும். தூண், பீம், கான்கிரீட் தளம், கம்பி கட்டிய பாரம் தாங்கும் சுவர் ஆகிய நான்கையும் தொடவே கூடாது. வெளிச்சுவர்களுக்கும் அதே கதைதான். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் பாம் ஷெல்டர் (கான்கிரீட் பாதுகாப்பறை) இருக்கும். அதன் சுவரை உடைக்கக் கூடாது. துளை போடுவதற்குக்கூடத் தனிக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் வீடு அதற்கு முந்தியது என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

வீவக இணையத்தளத்தில் உங்கள் வீட்டுக்குரிய பக்கத்தின் வழியாக வீட்டு வரைபடத்தை வாங்கலாம். அதில் தூண்களும் கான்கிரீட் சுவர்களும் அடர்த்தியாகக் காட்டப்பட்டிருக்கும். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு டேப்பால் வீட்டை அளந்து பாருங்கள். 1970கள், 80களின் வீடுகளில் அறைகளுக்கு நடுவே பெரும்பாலும் செங்கல் சுவரோ, உள்ளே பொந்து உள்ள சிமென்டுக் கல் சுவரோ இருக்கும். கதவு நிலை உள்ள இடத்தில் சுவரின் கனத்தை அளக்கலாம். கல்லை நீளவாக்கில் ஒற்றை வரிசையாக வைத்துக் கட்டி இருபுறமும் பூசிய சுவர் 13 முதல் 15 சென்டிமீட்டர் வரும். கனத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அதே கனத்தில் கான்கிரீட் சுவரும் உண்டு.

தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். அது பாதி உண்மை. பொந்துக் கல் 'டொக் டொக்' என்று குடம்போல் ஒலிக்கும். ஆனால் நன்றாகப் பூசிய செங்கல்லும் கான்கிரீட்டும் விரல் முட்டிக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். அதைவிட நம்பகமான வழி ஒரு சோதனைத் துளை. வயர் ஓடும் பாதையைச் சரிபார்த்தபின், சுவரின் நடுப்பகுதியில் 6 மில்லிமீட்டர் பிட்டால் மெதுவாகத் துளைத்து, விழும் தூளை ஒரு வெள்ளைத் தாளில் பிடியுங்கள். முதல் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சாம்பல் நிறத் தூள் வரும், அது பூச்சு. அதன்பின் தூள் செம்மண் நிறத்துக்கு மாறி, பிட் சட்டென்று உள்ளே இறங்கினால் செங்கல். சாம்பல் தூளே தொடர்ந்து, திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் பிட் உள்ளே போனால் பொந்துக் கல். சாம்பல் தூளுடன் பிட் நகரவே திணறி, நடுவில் 'கீச்' என்று உலோகத்தில் உரசினால் உள்ளே கம்பி இருக்கிறது. அங்கேயே நிறுத்துங்கள். படத்தில் எப்படிக் காட்டியிருந்தாலும் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

இந்த விஷயத்தில் சிங்கப்பூர் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று கேட்பவர்கள் சிராங்கூன் சாலையில் இருந்த லியன் யாக் கட்டடத்தை நினைத்துப் பார்க்கலாம். நியூ வோர்ல்டு ஹோட்டல் என்று எல்லாருக்கும் தெரிந்த அந்த ஆறு மாடிக் கட்டடம் 1986 மார்ச் 15 அன்று ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. அங்கே யாரும் சுவரை உடைத்து அது விழவில்லை. ஆனாலும் தூண்மீது எவ்வளவு பாரம் இருக்கிறது என்பது கண்ணால் பார்த்துத் தெரியும் விஷயமல்ல என்று அந்தச் சம்பவம் காட்டியது. 1989இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதன் தொடர்ச்சிதான்.

பலர் எதிர்பார்க்காத ஒன்று: சுவர் போனாலும் பீம் போகாது. உங்கள் சமையலறைச் சுவருக்கு மேலே பீம் இருந்தால், 'ஓப்பன் கிச்சன்' என்று படத்தில் அழகாகத் தெரியும் திறப்பின் உச்சியில் அது குறுக்கே நிற்கும். தரையிலிருந்து பீமின் அடிவரை இப்போதே அளந்து, அந்த உயரம் உங்களுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். பீம் இல்லாமல் சீலிங்கைத் தொட்டு நிற்கும் சுவராக இருந்தால் வேறொரு கவனம் வேண்டும். கான்கிரீட் தளம் நாற்பது வருடத்தில் மிகச் சிறிதளவு தொய்ந்திருக்கும். பாரம் தாங்காத சுவராகவே கட்டியிருந்தாலும் தளம் அதன் தலையில் லேசாக உட்கார்ந்திருக்கக் கூடும். மேல் வரிசைக் கல்லை எடுக்கும்போது கல் இறுகிக்கிடந்தாலோ, சீலிங்கில் மயிரிழை விரிசல் புதிதாகத் தெரிந்தாலோ நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும்.

இன்னொன்று ஆஸ்பெஸ்டாஸ். சிங்கப்பூரில் 1980களின் இறுதியில்தான் கட்டடங்களில் அதன் பயன்பாடு நின்றது. 2014இல் வந்த மனிதவள அமைச்சின் விதிகளின்படி 1991க்கு முன் கட்டிய கட்டடங்களில் உடைப்பு வேலைக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று தகுதி பெற்றவர் ஆய்வு செய்ய வேண்டும். உங்கள் வீடு 1979. செங்கல் சுவரில் அது இருக்காது. பழைய உரிமையாளர் போட்ட பொய்க்கூரைப் பலகை, தடுப்புப் பலகை, அலமாரிக்குப் பின்னால் அடித்த சிமென்டுப் பலகை போன்றவற்றில் இருக்கலாம். அப்படி ஒரு பலகை தென்பட்டால் ரம்பம் வைக்காதீர்கள், துளையிடாதீர்கள், உடைக்காதீர்கள். முழுதாக இருக்கும்வரை அது பெரிய ஆபத்தில்லை. தூளான பிறகுதான் ஆபத்து. மாதிரி எடுத்துச் சோதிக்கவும் கழற்றவும் அதற்கென்று அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

இனி சுவருக்குள் ஓடுபவை. மின்சாரத்தை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் துண்டிக்க வேண்டும். ஹேக்கிங் ஆட்கள் டிபி பாக்ஸில் (மின்பகிர்வுப் பெட்டியில்) ஒரு சுவிட்சை இறக்கிவிட்டு "ஆஃப் பண்ணியாச்சு" என்பது போதாது. பழைய வீடுகளில் படுக்கையறை பிளக் பாயின்ட் சமையலறை இணைப்பிலிருந்து வந்திருக்கும். எந்த உரிமையாளர் எப்போது இழுத்தார் என்று யாருக்கும் தெரியாது. சுவரில் உள்ள ஒவ்வொரு சுவிட்சையும் பிளக்கையும் கழற்றி, இருமுனைச் சோதனைக் கருவியால் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்து, வயரைப் பின்னால் இழுத்து முனையை மூடிய பிறகுதான் உளி வைக்கலாம். டெஸ்ட் பென் மட்டும் போதாது, அதில் விளக்கு எரியாததால் கரன்ட் இல்லை என்று ஆகிவிடாது.

வயரின் நிறத்தையும் நம்ப வேண்டாம். 2009 மார்ச் 1 முதல் சிங்கப்பூரில் நிறங்கள் மாறின. அதற்கு முன் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு. இப்போது லைவ் பழுப்பு, நியூட்ரல் நீலம். பழைய மூன்று ஃபேஸ் இணைப்புகளில் நீலம் ஒரு லைவ் வயர்; இன்றைய மூன்று ஃபேஸில் கறுப்பு ஒரு லைவ் வயர். 1979இல் இழுத்த வயரும் 2012இல் யாரோ சேர்த்த வயரும் ஒரே குழாய்க்குள் கிடக்கும் வீடுகள் ஏராளம்.

சமையலறைச் சுவரில் தண்ணீர்க் குழாய் ஓடினால், மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள வால்வை மூடி, வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறந்து மீதித் தண்ணீரை வடித்த பிறகு, உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர் குழாயை வெட்டி மூடியிட வேண்டும். மேல்வீடுகளின் கழிவுநீர் இறங்கும் பொதுக் குழாயை நகர்த்த முடியாது. அதை மறைத்துப் பெட்டி கட்டினாலும் திறந்து பார்க்க ஒரு வாய் விட வேண்டும். எரிவாயுக் குழாயை உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரைத் தவிர யாரும் தொடக் கூடாது. ஃபைபர் இணைய முனை அந்தச் சுவரில் இருந்தால் முன்கூட்டியே இடம் மாற்றப் பதிவு செய்யுங்கள். அந்தக் கண்ணாடி இழையை மடித்துச் சுருட்டி ஒரு மூலையில் வைத்தால் உள்ளே முறிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

உடைக்கும் நாளுக்கு வருவோம். அண்டை வீட்டாருக்குச் சில நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும். மேல், கீழ், இருபக்க வீடுகளுக்கு நீங்களே நேரில் போய், "அங்கிள், ஆன்ட்டி, செவ்வாயும் புதனும் சத்தம் இருக்கும்" என்று நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டு வருவது இன்னும் நல்லது. இரவு வேலை முடிந்து பகலில் தூங்குபவர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, கைக்குழந்தை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அதே வேளையில், கீழ்வீட்டுக்காரர் அனுமதித்தால் அவர் சீலிங்கையும், பக்கத்து வீட்டின் பொதுச் சுவரையும் தேதி தெரியும்படி படம் எடுத்துவையுங்கள். பிறகு ஒரு விரிசலைக் காட்டி "இது உங்க ஹேக்கிங்ல வந்தது" என்று பேச்சு வந்தால், பழையதா புதியதா என்று இருவருக்குமே தெரியும்.

வீட்டுக்குள் முதல் வேலை தரை வடிகால் வாய்களை அடைப்பது. துணியைச் சுருட்டித் திணித்து மேலே டேப் ஒட்டுங்கள். இதை விட்டுவிட்டால் சிமென்டுத் தூளும் தண்ணீரும் கலந்து குழாய்க்குள் போய் இறுகிவிடும். பிறகு குழாயைத் திறக்கத் தரை ஓடுகளையே உடைக்க வேண்டியிருக்கும். வைத்துக்கொள்ள நினைக்கும் தரைக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் கேன்வாஸ், அதன்மேல் 6 மில்லிமீட்டர் பிளைவுட். ஏர்கானைச் சுற்றிக் கட்டுங்கள். உடைக்காத அறைகளின் கதவிடுக்கில் டேப் ஒட்டுங்கள். தாழ்வாரத்துக்கும் மின்தூக்கிக்கும் பாதுகாப்பு விரிப்பு போடுவது கான்ட்ராக்டரின் பொறுப்பு.

உடைப்பதற்கு முன் வெட்ட வேண்டும். அவசரத்தில் எல்லாரும் தாண்டிப்போவது இதைத்தான். எடுக்கும் சுவர், நிற்கப்போகும் சுவரைத் தொடும் கோட்டில் ஆங்கிள் கிரைண்டரில் வைரப் பிளேடு மாட்டி இருபுறமும் மேலிருந்து கீழாகக் கீற வேண்டும். 230 மில்லிமீட்டர் பிளேடு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் ஆழம் போகும். இருபுறக் கீறலும் சேர்ந்தால் சுவர் கிட்டத்தட்ட தனியாகிவிடும். கீறாமல் பிரேக்கரை (உடைக்கும் இயந்திரத்தை) வைத்தால் அதிர்வு பூச்சின் வழியாக நிற்கும் சுவருக்குத் தாவி, அங்கே உள்ள ஓடும் பூச்சும் தகடு தகடாகக் கழன்று வரும். கான்கிரீட் தூணை ஒட்டிய இடத்தில் பூச்சளவுக்கு மட்டும் கீறுங்கள். பிளேடு தூணுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடக் கூடாது. அங்கே மிஞ்சும் கல்லைச் சிறு உளியாலும் சுத்தியலாலும் கையால் எடுக்க வேண்டும்.

பிறகு எப்போதும் மேலிருந்து கீழே. மேல் வரிசையில் ஒரு கல்லை எடுத்து வாய் திறந்து, அங்கிருந்து வரிசை வரிசையாக இறங்க வேண்டும். உளியைச் சுவருக்கு நேர் எதிராக வைக்காமல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள சாந்தில் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் கல் முழுதாகப் பெயரும், தூசியும் குறையும். இங்கே ஹேக்கிங் ஆட்களில் தமிழ் பேசும் தம்பிமார் நிறைய. "தம்பி, மேலேருந்து ஒவ்வொரு வரியா இறக்குங்க, அடியில கை வைக்காதீங்க" என்று தமிழிலேயே சொல்லலாம். அடியில் பள்ளம் பறித்துச் சுவரை மொத்தமாகச் சாய்ப்பது வேகமான வழிபோல் தெரியும். ஒரு சதுர மீட்டர் பூசிய செங்கல் சுவர் ஏறத்தாழ 260 கிலோ. 3 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள சுவர் கிட்டத்தட்ட 1,900 கிலோ. அது எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. விழும் அடியைக் கீழ்வீட்டுச் சீலிங் வாங்கிக்கொள்ளும்.

வாசல் உள்ள சுவரில், வாசலுக்கு மேலே ஒரு கான்கிரீட் லின்டல் (மேலுள்ள கல்லைத் தாங்கும் குறுக்குக் கட்டை) இருக்கும். 1.2 மீட்டர் நீள லின்டல் சுமார் 50 கிலோ வரும். அதன் இரு முனையும் உட்கார்ந்திருக்கும் கல்லை முதலில் எடுத்தால் அது வேலை செய்பவரின் தோளில் இறங்கும். லின்டலுக்கு மேலுள்ள கல்லை எடுத்து, அடியில் முட்டுக் கொடுத்து, இரண்டு பேர் பிடித்து இறக்கிய பிறகுதான் பக்கக் கல். முழுச் சுவரையும் எடுக்காமல் புதிதாக ஒரு திறப்பு மட்டும் வைப்பதாக இருந்தால் வரிசை தலைகீழ்: முதலில் மேலே கீறி, இருபுறமும் 15 சென்டிமீட்டர் உட்காரும்படி லின்டலை வைத்து, சாந்து இறுகிய பிறகே அடியில் உடைக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு இயந்திரங்களுக்கு மேல் ஓடக் கூடாது. தூசிக்கு 5 லிட்டர் கைப்பம்புத் தெளிப்பான் போதும். உடைக்கும் இடத்தில் பனிபோல் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டால் தண்ணீர் தளத்தின் இடுக்கில் இறங்கி, கீழ்வீட்டில் மஞ்சள் கறையாகத் தெரியும். செங்கல், சிமென்டுத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் வெளியே வராது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது, குறைந்தது என்95 வேண்டும். நீங்கள் மேற்பார்க்கப் போனாலும் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளை அன்று அங்கே அழைத்துப்போகாதீர்கள்.

இடிபாட்டைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. மேலே சொன்ன அந்த ஒரு சுவர் நிற்கும்போது ஒரு கன மீட்டர்தான். உடைந்தால் ஒன்றரை கன மீட்டராகப் பொங்கும். மூட்டைக்கு 25 கிலோ என்று கட்டினால் 75 மூட்டை. உங்கள் இரண்டு சுவருக்கும் 150. வீட்டுத் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் சுமைக்காகத்தான் வடிவமைக்கப்படுகிறது. அதாவது ஒரு சதுர மீட்டரில் 6 மூட்டை, ஒரே அடுக்கு. 75 மூட்டையையும் அப்படிப் பரப்பினால் 12 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். உங்கள் படுக்கையறை அவ்வளவு பெரிதாக இருக்குமா என்று பாருங்கள். முழங்கால் உயரத்துக்குக் கூடக் குவிக்க வேண்டாம். 30 சென்டிமீட்டர் குவியலே சதுர மீட்டருக்கு 375 கிலோ ஆகிவிடும். ஆகவே உடைப்பதும் இறக்குவதும் கூடவே நடக்க வேண்டும். காலையில் இரண்டு பேர் உடைத்தால் இரண்டு பேர் மூட்டை கட்டி இறக்க வேண்டும். "எல்லாத்தையும் உடைச்சிட்டு வெள்ளிக்கிழமை லாரி வரும்" என்ற ஏற்பாட்டை ஏற்காதீர்கள். மின்தூக்கிக்குள் எழுதியிருக்கும் எடை வரம்பில் ஆட்களின் எடையும் சேரும். குப்பைக் குழாயில் ஒரு செங்கல்கூடப் போடக் கூடாது. தாழ்வாரத்தில் இரவு முழுக்க மூட்டை கிடந்தால் நகர மன்றத்துக்குப் புகார் போகும். அது தீயில் தப்பும் வழியும்கூட.

சுவர் போன இடத்தில் மூன்று தழும்பு இருக்கும்: தரையில், சீலிங்கில், பக்கச் சுவரில். தரைத் தழும்புதான் தொல்லை. சுவரைக் கட்டிய பிறகே ஓடு போட்டிருப்பார்கள். ஆகவே சுவர் நின்ற இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஓடே இல்லாத பள்ளம் தெரியும். இருபுறத் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சமையலறைத் தரை பெரும்பாலும் சற்றுத் தாழ்ந்திருக்கும். 1979 ஓட்டுக்கு இன்று ஜோடி கிடைக்காது. அந்தப் பட்டையில் வேறு நிறக் கல் பதிக்கலாம், அல்லது இரண்டு தரையையும் புதிதாகப் போடலாம். பழைய ஓட்டின்மேலேயே புதியதை ஒட்டுவதாக இருந்தால் வீவகவின் வரம்பை நினைவில் வையுங்கள்: அடிச் சிமென்டும் சேர்த்துத் தரையின் மொத்தக் கனம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சமையலறைத் தரையைப் பெயர்த்தால் நீர்க்காப்புப் பூச்சை மறுபடி செய்தாக வேண்டும். குளியலறைக்கும் அப்படியே. பூச்சு காய்ந்தபின் வாசலில் வரப்புக் கட்டித் தண்ணீர் நிரப்பி 24 மணிநேரம் விட்டு, கீழ்வீட்டில் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே ஓடு.

பூச்சு உதிர்ந்த இடத்தில் பீமிலோ சீலிங்கிலோ துருப்பிடித்த கம்பி தெரியலாம். இந்த வயது வீட்டில் அது அபூர்வமில்லை. பல பத்தாண்டுகளில் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்காமல் காத்த காரத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. துரு பெருத்து கான்கிரீட்டைத் தள்ளுகிறது. பெயின்டுக்காரர் அதன்மேல் பட்டி பூசி மூடிவிடுவார். ஓரிரு வருடத்தில் அது துண்டாக விழும். தளர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, அதற்குரிய பழுதுச் சாந்தால் நிரப்ப வேண்டும். சீலிங்கில் இப்படி இருந்தால் முதலில் வீவக கிளையில் கேளுங்கள். செலவில் ஒரு பகுதியைக் கழகம் ஏற்கும் திட்டம் உண்டு.

விலைப் பட்டியலில் 'ஹேக்கிங்' என்று ஒரே வரி மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். உடைப்பது, இடிபாடு அகற்றுவது, தரை மறைப்பு, அனுமதியும் தேவைப்பட்டால் பொறியாளர் கட்டணமும், வயர் இடமாற்றம், தரைப் பள்ளம் நிரப்புவது, மூன்று தழும்பையும் பூசிச் சமமாக்குவது ஆகியவை தனித்தனி வரியாக இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதது எல்லாம் பிறகு 'எக்ஸ்ட்ரா' ஆகும். முன்பணம் பெரிதாகக் கேட்டால், முன்பணத்துக்குப் பாதுகாப்பு உள்ள கேஸ்டிரஸ்ட் (பயனீட்டாளர் சங்கம் தரும்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசி மூட்டை இறங்கிய அன்று கான்ட்ராக்டர் போவதற்குள் வடிகால் வாய்களில் திணித்த துணியை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிப் பாருங்கள். தயங்கி நின்று இறங்கினால் உள்ளே சாந்து போயிருக்கிறது. அன்றே சுத்தம் செய்தால் வெளியே வரும், ஒரு வாரம் போனால் கல்லாகிவிடும்.